மயிலாத்தா காவல் நின்ன கெணறு

ஒரு ஊர்ல ஒரு கெணறு இருந்துச்சாம். ராஜாவும் இல்ல, ராணியும் இல்ல, கெணறுதான். எங்க, 'ம்' சொல்லு. சொன்னாத்தான் கதை நடக்கும். ஆங், அப்படி.

அது வீட்டுக்குப் பொறத்தால இருந்த கெணறு. கல்லு வெச்சுக் கட்டுனது. சுத்தியும் சிமெண்டு மேடை. குடிக்கறதுக்கும் அந்தத் தண்ணிதான், சோறாக்கறதுக்கும் அந்தத் தண்ணிதான். அந்த வீட்ல சின்ன மருமக ஒருத்தி இருந்தா, பேரு மயிலாத்தா. புருசன் லாரி ஓட்டறவன், போனா எப்ப வருவான்னு தெரியாது. இடுப்புல ஒரு பொட்டப்புள்ள, இப்பத்தான் தாய்ப்பாலை மறந்து டம்ளர்ல தண்ணி குடிக்கப் பழகுது. வீட்ல மாமியா ராயாத்தா. பக்கத்து வாசல்ல புருசனோட அண்ணன் சென்னியப்பன், அவரு சம்சாரம், அவரு மக. ரெண்டு வாசலுக்கும் ஒரே கெணறு.

அப்போ ஒரு மழை பேஞ்சுது. சோ...ன்னு பேஞ்சுது. மழை நின்னதும் கெணத்தைச் சுத்திக் களை மொளைச்சுது பாரு! இந்தப் பக்கம் பார்த்தீனியம், அந்தப் பக்கம் கோரை, மேடையில வெடிப்பு உட்ட எடத்துலகூட பச்சைப் பசேல்னு புல்லு. ஒரு நாள் காலையில சென்னியப்பன் மக தண்ணி சேந்தப் போனா. சரசரசரன்னு ஒரு பாம்பு, அவ பாதத்து மேலயே ஏறி அந்தாண்ட போயிருச்சு.

ம்... கடிக்கல, கடிக்கல. கையை உடு, கழுத்து வலிக்குது.

புள்ளை கத்துன கத்துல சென்னியப்பனுக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. பெத்தவராச்சே. நேராத் தோட்டத்துக்குப் போனாரு. களைக்கொல்லி மருந்தையும், மருந்தடிக்கிற டேங்க்கையும் தூக்கிட்டு வந்தாரு. டொம்முனு கெணத்து மேடையில வெச்சாரு. கடகடகடன்னு ஒரு வாளித் தண்ணி சேந்தி, மருந்து மூடியத் திருகப் போனாரு.

அப்போ மயிலாத்தா ஓடியாந்தா.

"மாமா, இங்கயா மருந்து கலக்கறீங்க?"

"பின்ன? எம்புள்ளையப் பாம்பு கடிச்சிருந்தா என்ன பண்றது?"

"களைய எடுத்துத்தான் ஆகோணும். நான் இல்லைங்கல. ஆனா இது குடிக்கிற தண்ணிங்க மாமா."

"தண்ணிக்குள்ளயா ஊத்தறேன்? புல்லு மேலதான அடிக்கிறேன்!"

"தோட்டத்துல அடிச்சுக்கங்க. இங்க ஆகாதுங்க. கலக்கவும் ஆகாது, அடிக்கவும் ஆகாது, டேங்க் கழுவவும் ஆகாது."

அந்த வாசல்ல எந்த மருமகளும் மச்சாண்டார், அதான் புருசனோட அண்ணன், முன்னால நின்னு 'ஆகாது'ன்னு சொன்னதே கிடையாது. ராயாத்தாளுக்கு மொகமே செவந்துபோச்சு. "பெரியவங்கிட்ட என்னடி எதிர்ப்பேச்சு? தள்ளி நில்லு!"

மயிலாத்தா தள்ளல. புள்ளைய இந்த இடுப்புல இருந்து அந்த இடுப்புக்கு மாத்துனா. டேங்க்குக்கும் கெணத்துக்கும் நடுவுல போயி நின்னுக்கிட்டா.

"எம்புள்ளைக்குக் காதுகுத்து வருதுல்லங்க, அதுக்குள்ள இந்தக் களையெல்லாம் நான் எடுத்தர்றேன். ஒரு புல்லு நின்னாலும் அப்புறம் பேசுங்க."

"ஒத்தை ஆளா?"

"ஒத்தை ஆளாத்தான்."

சென்னியப்பன் சிரிச்சாரு. "செய்யி, பாக்கலாம்"னு டேங்க்கைத் தூக்கிட்டுப் போயிட்டாரு.

அப்புறம் மயிலாத்தா மொதல்ல பார்த்தீனியத்துமேல கையை வெச்சா. அது பொல்லாத செடி, தொட்டா அரிக்கும். மொத நாளு வெறுங்கையில புடுங்குனா, முழங்கை வரைக்கும் தடிச்சுப்போச்சு. சொறிசொறின்னு சொறிஞ்சா. அடுத்த நாளு ரெண்டு கையிலயும் பிளாஸ்டிக் பையக் கட்டிக்கிட்டா, வாயில துணியக் கட்டிக்கிட்டா, ஒரு குச்சிய வெச்சுப் பாம்பு இருக்குதான்னு தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டா. மண்ணு ஈரமா இருக்குதுல்ல? சரக்... சரக்... வேரோட வந்துச்சு. பூ முத்தி வெதை கொட்டறதுக்குள்ள அத்தனையும் புடுங்கித் தூரமாக் கொண்டுபோய்ப் போட்டா.

ம்?

அப்புறம் கோரை. கோரை இருக்குதே, அதுக்கு வெக்கமே கிடையாது. மேல அறுத்தா மூணா நாளு குபுக்குனு தலையத் தூக்கும். மண்ணுக்குள்ள குட்டிக் குட்டியாக் கெழங்கு வெச்சிருக்கும். மயிலாத்தா அறுத்தா, அது மொளைச்சுது. மறுபடி அறுத்தா, மறுபடி மொளைச்சுது. பக்கத்து வாசல்ல இருந்து ஒரு சிரிப்பு கேட்டுச்சு. "மருந்து எடுத்தாரட்டுமா அம்மிணி?"

"வேண்டாங்க மாமா!"

களைக்கொத்தை எடுத்துக் கொத்துக்கொத்துனு கொத்தி, கெழங்கு கெழங்காப் பொறுக்குனா. உள்ளங்கை கொப்பளிச்சுப்போச்சு. அப்பவும் அங்கங்க மொளைச்சுது. அப்போ என்ன பண்ணுனா? பழைய சாக்கை அடுக்கி, அதுமேல தென்னமட்டையப் போட்டு வெளிச்சமே படாம மூடி வெச்சுட்டா. "எப்படி வர்றேன்னு பாக்கறேன்"னு அதுமேலயே சம்மணம் போட்டு ஒக்காந்தா!

தூங்கிட்டியா? இல்லையா. சரி.

மூணாவது, மேடை வெடிப்புல மொளைச்ச புல்லு. புடுங்குனா வேரு உள்ளயே நின்னுக்கும். ஒரு நாளு புள்ளைய மாமியாகிட்டக் குடுத்துட்டு, ஒரு போசி நெறையாத் தண்ணியக் கொதிக்க வெச்சுக் கொண்டாந்து வெடிப்புல ஊத்துனா. சொர்ர்ர்ர்... புல்லு தொவண்டு விழுந்துச்சு. அப்போ கெணத்துக்குள்ள இருந்து ஒரு சத்தம்.

டொட்.

டொட்.

டொட்.

மயிலாத்தா குனிஞ்சு பாத்தா. உள்சுவத்துக் கல்லு இடுக்குல இருந்து தண்ணி சொட்டுது. மேல ஊத்துனது நேரா உள்ள எறங்குது! இத்தனை நாளா அவளுக்கே தெரியாது பாரு. மனசு ஆகாதுன்னு சொல்லுச்சு, அவளும் சொன்னா. இப்பக் கண்ணாலயே பாத்துட்டா.

அன்னிக்குனு பாத்துச் சென்னியப்பன் டேங்க்கோட வந்துட்டாரு. இந்தத் தடவை தோட்டத்துலயே மருந்து கலக்கி, முதுகுல மாட்டிக்கிட்டு வந்தாரு. "சொந்தக்காரங்க வர நேரமாச்சு. மேடையில இன்னும் புல்லு நிக்குது. நீ எடுத்தது போதும், நகரு அம்மிணி."

ராயாத்தாளும், "நகருடி. சொன்னாக் கேக்கற சாதியே இல்லையா நீ?"ன்னா.

"கேக்கமாட்டேங்க அத்தை," அப்படின்னா மயிலாத்தா. "மாமா அடிக்கட்டும். அதுக்கு முன்னால நான் ஒண்ணு ஊத்தறேன். ரெண்டு பேரும் உள்ள எட்டிப் பாருங்க. அப்புறமும் அடிக்கோணும்னா, என்னைய இழுத்துப் போட்டுட்டு அடிங்க."

ஓடிப்போயி ஒரு சொம்பு தண்ணியில மஞ்சப்பொடியக் கரைச்சுக் கொண்டாந்தா. சென்னியப்பன் மருந்தடிக்க நின்ன அதே எடத்துல, அந்த வெடிப்பு மேல சளசளன்னு ஊத்துனா.

மூணு பேரும் கெணத்துக்குள்ள எட்டிப் பாத்தாங்க. ஒண்ணும் காணம். சென்னியப்பன், "என்ன வெளையாட்டு இது?"ன்னாரு.

அப்போ டொட்.

கல்லு இடுக்குல மஞ்சளா ஒரு சொட்டு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் கோடு போட்டாப்புல மஞ்சத்தண்ணி சுவத்துல எறங்குச்சு.

பக்கத்து வாசல்ல சென்னியப்பன் மக சொம்பைத் தூக்கி அண்ணாந்து கடக்கடக்குனு தண்ணி குடிக்கற சத்தம் கேட்டுச்சு. அவரு திரும்பி மகளையே பாத்துக்கிட்டு நின்னாரு.

ராயாத்தாதான் மொதல்ல பேசுனா. "டேய் சென்னியப்பா. அந்தச் சனியனை எடுத்துட்டு எட்டப் போடா. கெணத்துப் பக்கம் ஒரு சொட்டு சிந்தாத!"

அவரு டேங்க்கோட தோட்டத்துப் பக்கம் போயிட்டாரு. மயிலாத்தா அப்படியே மேடையிலயே ஒக்காந்துட்டா. மாமியா புள்ளையக் கொண்டாந்து மடியில வெச்சா. மருமக உள்ளங்கையப் புடிச்சுப் பாத்தா. கொப்பளத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவி உட்டா.

வெயிலு சாயறப்போ சென்னியப்பன் குளிச்சுட்டு, வேற துணி மாத்திக்கிட்டு வந்தாரு. கையில சிமெண்டும் கரண்டியும். "எந்தெந்த வெடிப்பு அம்மிணி? காட்டு," அப்படின்னாரு, தலையக் குனிஞ்சுக்கிட்டே. அவ காட்டக் காட்ட அவரு அடைச்சாரு. மேடையைச் சுத்தி மண்ணை மேடாக்கி, மழைத்தண்ணி வெளிப்பக்கமா ஓடறாப்புல சரிச்சு உட்டாரு.

காதுகுத்துக்கு வந்த சனமெல்லாம் அந்தத் தண்ணியத்தான் குடிச்சாங்க. ஒருத்தரு, "கெணத்தடி இத்தனை சுத்தமா இருக்குதே, என்ன மருந்து அடிச்சீங்க?"ன்னு கேட்டாரு. சென்னியப்பன் சொன்னாரு, "மருந்தா? அந்தப் புள்ளையத் தாண்டி எவன் அடிக்கறது?"

அப்புறம் அடுத்த மழையும் வந்துச்சு. களை வராம இருக்குமா? மட்டையோரமா ஒரே ஒரு கோரை, ஊசியாட்டம் தலையத் தூக்கிப் பாத்துச்சு. மயிலாத்தா சேலையச் சொருகிக்கிட்டுக் களைக்கொத்தோட அதுக்கு முன்னால குத்தவெச்சு ஒக்காந்தா. "வா சாமி, வா. நீ எத்தனை தடவை வருவியோ வா. நானும் இங்கயேதான் இருக்கேன்"னா.

கொத்துனா. கெழங்கோட வந்துருச்சு.

அவ்வளவுதான். கதை கெணத்தோரம், கண்ணு தூக்கத்தோரம். தூங்கு சாமி.