ஆடாத முள்

கயத்தாற்றுப் பக்கம், காற்றாலைகளுக்கு நடுவே ஓர் ஆலை. காற்று தரும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பார்கள். அதோடு கரியமில வாயுவைச் சேர்த்து விமான எண்ணெய் ஆக்குவார்கள்.

அங்கே குரு வடிவாம்பாளுக்கு வயது முப்பத்து நான்கு. சிஷ்யர் பேச்சிமுத்துவுக்கு ஐம்பத்தாறு. இருபத்தெட்டு வருஷம் அனல்மின் நிலையத்தில் கொதிகலனைக் கட்டி மேய்த்தவர். "காத்துல சோறு வடிக்கப் போறான்" என்று பழைய கூட்டாளிகள் சிரிக்க, ரோஷத்தோடு ஒரு மாதம் முன்பு இங்கே வந்தவர்.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. அவர் கைக்கு வந்தபின் மின்சாரம் காட்டும் முள் ஆடியதே இல்லை. காற்று எகிறினால் குமிழைத் திருகி முள்ளை நடுவிலேயே நிறுத்திவிடுவார். மிச்சக் காற்று சும்மா போகும். முள் ஆடினால் ஆடட்டும், காற்றை வீணாக்க வேண்டாம் என்று வடிவாம்பாள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். கொதிகலனில் முள் ஆடினால் ஆபத்து; தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அதுதான்.

வெள்ளிக்கிழமை, இந்த எண்ணெயில் முதல் விமானம் பறக்க வேண்டும். எண்ணெய் போய்ச் சேராவிட்டால் ஆலையை மூடிவிடுவதாக முதல் போட்டவர்கள் சொல்லியிருந்தார்கள்.

புதன்கிழமை மதியம் காற்று நின்றது. சேமித்த ஹைட்ரஜனும் தீர்ந்தது. எண்ணெய் கால் பங்கு பாக்கி.

பேச்சிமுத்து வடிவாம்பாளிடம் ஓடிவந்தார்.

"மேடம், நிலக்கரி கரண்ட் வார லைன் பக்கத்துலதான் இருக்கு. போட்டுரட்டுமா?"

"போட்டா, அதே பழைய புகைதான அண்ணாச்சி? பீப்பாய் மட்டும் புதுசு."

"அப்போ என்ன செய்ய?"

வடிவாம்பாள் தூக்குச்சட்டியைத் திறந்தார். "சாப்பிடலாம், வாங்க."

"மெஷின் நிக்குதே!"

"உங்கப்பா களத்துல நெல்லு தூத்துவாரா?"

"தூத்துவாரு."

"நடுவுல காத்து நின்னா?"

"சொளவைக் கீழ வச்சுட்டு உக்காந்துருவாரு."

"காத்து வந்தா?"

"சோத்துல கை வச்சிருந்தாலும் எந்திரிச்சு ஓடுவாரு."

பேசிக்கொண்டே சாப்பிட உட்கார்ந்திருந்தவர் தன் கையைப் பார்த்தார். பிசைந்த சோறு கையில் இருந்தது. ஒரு மாதமாக அவர் குமிழைத் திருகி வீணாக்கிய காற்றெல்லாம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

மூன்று மணிக்கு மேற்கே புழுதி கிளம்பியது. பேச்சிமுத்து கையைக்கூடக் கழுவாமல் ஓடினார். முள் எகிறியது. பழக்கதோஷம், கை குமிழுக்குப் போனது. பேச்சிமுத்து ஒரு மூச்சு விட்டு, குமிழை முழுக்கத் திறந்துவிட்டார். முள் சாமி வந்ததுபோல் ஆடியது. வியாழன் சாயங்காலம் கடைசிப் பீப்பாயும் நிரம்பி லாரி கிளம்பியது.

வெள்ளிக்கிழமை பகலில் ஆலைக்கு மேலேயே விமானம் போனது. மொத்த ஆலையும் வெளியே வந்து கூச்சல் போட்டது. பேச்சிமுத்து தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துச் சுழற்றினார். பழைய கூட்டாளிகள் பார்த்திருக்க வேண்டும்!

சத்தம் அடங்கியபோது காற்றும் நின்றிருந்தது. வடிவாம்பாள் உள்ளே வந்தார். முள் பூஜ்யத்தில் கிடந்தது. பேச்சிமுத்து தரையில் சம்மணம் போட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, மெஷின் நிக்குது?"

"நிக்கட்டும் தாயி. காத்து வரும்போது எந்திரிச்சு ஓடணும்லா, நீங்களும் சாப்பிட வாங்க."