வெளியிலிருந்து கழுவிய ஃபில்டர்

“டீச்சர், கழுவிக் கழுவிப் போடுற ஆயில் ஃபில்டர் வந்திருக்காமே. வாங்கலாமா, வேண்டாமா?”

ஜெசிந்தா தன் பட்டறையில் ஒரு காரின் அடியில் படுத்திருந்தாள். கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

“யாரு வாங்கியிருக்கா?” என்று கேட்டாள்.

வைரவனுக்குச் சுருக்கென்றது. யாரும் வாங்கியதாக அவன் சொல்லவே இல்லை.

“சாத்தையா,” என்றான்.

“அப்படிச் சொல்லுங்கண்ணே.”

காரைக்குடி டாக்சி ஸ்டாண்டில் வைரவனும் சாத்தையாவும் பக்கத்துப் பக்கத்தில் வண்டி போடுகிறவர்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரே நாளில், ஒரே மாதிரி வெள்ளைக் கார் எடுத்தார்கள். சாத்தையா வண்டி 4417. வைரவன் வண்டி 4418. டீ குடித்தாலும் ஒரு டம்ளரை இரண்டாக்கிக் குடித்தவர்கள்.

அதெல்லாம் அந்த எஃகு ஃபில்டர் வருகிற வரைக்கும்தான்.

சாத்தையா அதை மஞ்சள் துணியில் சுற்றி ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்தான். ஒவ்வொருத்தர் கையிலும் கொடுத்து வாங்கினான். ஆயுசுக்கும் ஒன்று போதும், அழுக்கானால் கழுவி மாட்ட வேண்டியதுதான் என்றான். வைரவன் கைக்கு வந்தபோது அது வெயிலில் மின்னியது. அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல், நாலு மாதமாகியும் அடங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை டாக்டரம்மா மதுரைக்குச் சாத்தையா வண்டியில் போனார். எப்போதும் வைரவனைக் கூப்பிடுகிறவர். எல்லாம் அந்த ஃபில்டர் செய்கிற வேலை என்று வைரவன் முடிவு கட்டிவிட்டான். அன்றைக்கு அவன் மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் ஊரிலேயே இல்லை என்பது வேறு விஷயம்.

ஜெசிந்தா வெளியே வந்து கை துடைத்தாள். அவளுக்கு முப்பத்திநாலு வயது, வைரவனுக்கு ஐம்பத்திரண்டு. ஐ.டி.ஐ.யில் கொஞ்ச காலம் பாடம் நடத்தியவள். வேலையை விட்டுப் பட்டறை வைத்த பிறகும் டீச்சர் பட்டம் மட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளிடம் வண்டி வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களில் வைரவன்தான் மூத்த மாணவன்.

“வாங்குனா லாபமா, டீச்சர்?”

“கழுவுவீங்களா?”

“அது என்ன பெரிய வேலை? பாத்திரம் கழுவுற மாதிரிதானே.”

அவள் அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே வலை போட்ட எஃகு உருளை ஒன்று எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்குமாக இருந்தது.

“இந்தாங்க. கழுவிக் காட்டுங்க. அப்புறம் பேசுவோம்.”

டீசலை ஒரு தட்டில் ஊற்றினான் வைரவன். பிரஷ்ஷை எடுத்தான். தேய்க்கத் தேய்க்கச் சாத்தையாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. மஞ்சள் துணியாம். ஒரு தேய். டாக்டரம்மாவாம். ஒரு தேய்.

கடைசியில் காற்றுக் குழாயைப் பிடித்து வெளிப்பக்கமிருந்து நாலு பக்கமும் நன்றாக அடித்தான். உருளை புதுசு போலப் பளபளத்தது.

“எப்படி?” என்று நீட்டினான்.

“நல்லா இருக்கே,” என்றாள் ஜெசிந்தா. “அந்தத் துண்டக் குடுங்க.”

அவன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை வாங்கி, அதன் முனையை உருளைக்கு உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றினாள். வெளியே எடுத்தபோது துண்டு மை போலக் கறுத்திருந்தது.

துண்டை அவனிடமே நீட்டினாள்.

“எண்ணெய் எந்தப் பக்கமிருந்து வருது?”

“வெளிப்பக்கமிருந்து. வலை வழியா உள்ள போகும்.”

“உள்ளயிருந்து?”

“நேரா எஞ்சினுக்கு.”

சொல்லி முடித்ததும்தான் அவனுக்கே உறைத்தது.

“பேப்பர் ஃபில்டர்னா அழுக்கோட தூக்கிப் போட்டிருப்பீங்க,” என்றாள். “இப்ப வெளிய கிடந்தத நீங்களே உள்ள தள்ளிட்டீங்க. அத மாட்டியிருந்தா எஞ்சினுக்கு ஊட்டி விட்ட மாதிரி.”

“அப்ப வாங்கக் கூடாதா?”

“அப்படி யாரு சொன்னா? ஒவ்வொரு தடவையும் உக்காந்து, உள்ளயிருந்து வெளிய கழுவி, வலை கிழிஞ்சிருக்கான்னு வெளிச்சத்துல பாத்து மாட்டுறவருக்கு நல்ல சாமான். பல வருசம் ஓட்டுனா போட்ட காசும் வந்துரும். அதுக்குப் பொறுமை இல்லாதவருக்குப் பேப்பர்தான் நல்லது.”

வைரவன் மறுபடியும் உட்கார்ந்தான். இந்தத் தடவை உள்பக்கமிருந்து ஆரம்பித்தான். மெதுவாகத்தான் போனது. மூன்று முறை டீசல் மாற்றினான். துண்டை விட்டுப் பார்த்தான். கறுப்பு, பிறகு பழுப்பு.

மூன்றாவது முறை உள்விளிம்பில் ஏதோ கீறியிருப்பது தெரிந்தது. பட்டறையில் சாமான் மாறிப் போகக் கூடாது என்று டிரைவர்கள் ஆணியால் வண்டி நம்பரைக் கீறி வைப்பது வழக்கம்.

4417.

வைரவன் அதைத் தடவிப் பார்த்தான்.

“டீச்சர், இது சாத்தையாவோடதுல்ல?”

அவள் தலையாட்டினாள்.

“அப்ப அவன் வண்டியில என்ன ஓடுது?”

அவள் அலமாரியைக் காட்டினாள். அங்கே பேப்பர் ஃபில்டர் பெட்டிகள் அடுக்கியிருந்தன. வைரவன் வண்டிக்குப் போடுகிற அதே பெட்டிகள்தான்.

“ஒரு தடவை கழுவுனாரு,” என்றாள். “நீங்க முதல்ல கழுவுனீங்களே, அதே மாதிரி. நல்லவேளை, மறுபடி மாட்டுறதுக்கு முன்னால எங்கிட்ட கொண்டாந்தாரு. இது நமக்கு ஆகாதுன்னு வச்சுட்டுப் போயிட்டாரு.”

வைரவனுக்கு உடம்பெல்லாம் குளுகுளுவென்று ஆனது. நாலு மாத எரிச்சல் ஒரே நொடியில் இறங்கியது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

“இத நான் எடுத்துட்டுப் போறேன், டீச்சர். நாளைக்குக் காலையில ஸ்டாண்டுல நாலு பேரு முன்னால அவன் கையில குடுக்குறேன். மஞ்சத் துணியும் நானே வாங்கிக்கிறேன்.”

“குடுங்க,” என்றாள் ஜெசிந்தா. மறுபடியும் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். கால் மட்டும் தெரிந்தது.

வைரவன் ஃபில்டரைப் பொட்டலம் கட்டினான். வாசல் வரைக்கும் போனவன் நின்றான்.

“ஆமா, பேப்பரே நல்லா ஓடிட்டிருந்துச்சே. அவன் எதுக்கு இத வாங்குனான்?”

“நானும் கேட்டேன்.”

“என்ன சொன்னான்?”

“மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் பக்கத்து வண்டி எஞ்சின் சத்தம் மாறல, என்னோடது மட்டும் கரகரங்குது, ஸ்டாண்டுல நிக்கவே முடியல டீச்சர்னு சொன்னாரு.”

“பக்கத்து வண்டின்னா?”

காருக்கு அடியிலிருந்து ஸ்பேனர் பிடித்த கை ஒன்று நீண்டு, வாசலைக் காட்டியது.

வாசலில் 4418 நின்றுகொண்டிருந்தது.

வைரவன் அதைப் பார்த்தான். பிறகு தோளில் கிடந்த துண்டின் கறுப்பு முனையைப் பார்த்தான். உள்ளே வந்து உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்தான்.

“டீசல் இன்னும் கொஞ்சம் இருக்கா, டீச்சர்?”