சால்வைப் பெட்டியின் சாவி

மாதம் மும்மாரி பெய்தது என்று எல்லா ராஜ்யத்தைப் பற்றியும் சொல்கிறார்களே, அப்படி ஒரு ராஜ்யம், அப்படி ஒரு காலம். ராஜா கனகசேகரர் நல்லவர்தான். கோபம் வந்தால் மட்டும் கைக்கு அகப்பட்டதை வீசிவிடுவார். வெற்றிலைப் பெட்டி, செம்பு, பாதரட்சை எல்லாம் சபையில் பறக்கும்.

அவருடைய தாத்தா ஒரு வழக்கம் வைத்துவிட்டுப் போயிருந்தார். ராஜா வீசிய பொருள் எந்த அதிகாரிமேல் பட்டாலும் அவருக்கு ஒரு பட்டுச் சால்வை போர்த்த வேண்டும். பிரதானி திருவேங்கடத்தின் வீட்டில் மட்டும் நாற்பது சால்வை சேர்ந்திருந்தது. மனுஷர் தலைப்பாகைக்குள் பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டுதான் சபைக்கே வருவார்!

ஒருநாள் செம்பு குறிதவறி, சாமரம் வீசும் செவந்தியின் நெற்றியில் பட்டு ரத்தம் கொட்டியது. அன்றுமுதல் அவள் பத்தடி தள்ளி நின்றே வீசினாள். ராஜாவுக்கு வெட்கமும் வேதனையும் தாங்கவில்லை.

"இந்தப் பாழும் கையை அடக்க வழியே இல்லையா?" என்று சபையில் கேட்டார்.

பிரதானிக்கு விகடகவி உலகளந்தானைக் கண்டாலே ஆகாது. "நம் விகடகவி எட்டே நாளில் அடக்கிவிடுவார், மகாராஜா! ஆனால் தங்களுக்கு அவர் புத்தி சொல்லக்கூடாது. அருகிலுள்ள பொருள் எதையும் ஒளிக்கக்கூடாது. எட்டாம் நாள் ஏதாவது பறந்தால், மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றி எல்லைக்கு வெளியே அனுப்பிவிடலாம்" என்றார்.

"சம்மதம்" என்றார் உலகளந்தான். "மகாராஜாவிடம் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். சால்வைப் பெட்டியின் சாவியை மட்டும் எட்டு நாளைக்கு என்னிடம் கொடுங்கள்."

ராஜா கொடுத்துவிட்டார்.

முதல் இரண்டு நாள் விகடகவி ராஜா போன இடமெல்லாம் கூடவே போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தார். ஏதாவது பறந்தால் ஒரு புளியங்கொட்டையைக் கொட்டாங்கச்சியில் போடுவார், அவ்வளவுதான். சபையில் நாளுக்கு ஒன்பது விழுந்தது. அந்தப்புரத்திலும் குதிரை லாயத்திலும் ஒன்றுகூட விழவில்லை. ஒவ்வொரு கொட்டைக்கும் முன்னால் யாராவது ஒரு அதிகாரி, "மகாராஜா, போன வருஷம் தங்களை நாவல் மரத்தில் ஏற்றிய அந்தக் காட்டுப்பன்றி..." என்று ஆரம்பித்திருந்தார். ஆரம்பித்துவிட்டுத் தலையையும் வாகாக நீட்டியிருந்தார்.

மூன்றாம் நாள் விகடகவி சபையைப் பார்த்து அறிவித்தார்: "இனி அடிபட்டவருக்குச் சால்வை கிடையாது. எதுவும் பறக்காமல் சபை கலைந்தால் எல்லோருக்கும் ஆளுக்கொன்று!"

யார் நம்பினார்கள்? பன்றிப் பேச்சு இரண்டு மடங்கானது. பட்ட அடி போதவில்லையோ என்று இன்னும் கிட்டே போய் நின்றார்கள். அன்று பதினான்கு பறந்தது. பிரதானி மீசையை முறுக்கினார். உலகளந்தான் குடுமியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் பெட்டியைத் திறக்கவில்லை. அதிகாரிகள் வீங்கிய தலையோடு வெறுங்கையாக வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் ஐந்துதான் பறந்தது. அதற்கு மறுநாள் ஒன்றுமே இல்லை. எல்லார் தோளிலும் சால்வை!

எட்டாம் நாள் பிரதானி எழுந்து, "மகாராஜா, அந்தப் பன்..." என்றதும் தளவாய் பாய்ந்துவந்து அவர் வாயில் வெற்றிலையைத் திணித்தார். "சும்மா இரும் ஐயா! என் மருமகனுக்கு இன்னும் ஒரு சால்வை பாக்கி இருக்கிறது!"

சபை கலையும் நேரத்தில்தான் பிரதானியால் துப்பிவிட்டுப் பேச முடிந்தது. "மோசடி! இவர் மகாராஜாவைத் திருத்தவில்லை, எங்களைத் திருத்தியிருக்கிறார்!"

"மகாராஜாவுக்குப் புத்தி சொல்லக்கூடாது என்றுதானே நிபந்தனை?" என்றார் உலகளந்தான். "உங்களைத் திருத்தக்கூடாது என்று இல்லையே."

ராஜாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. "அடப்பாவிகளா! சால்வைக்காக என்னைப் பசுமாடு மாதிரி கறந்திருக்கிறீர்களே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "சரி, எல்லோருக்கும் சால்வை. கையை அடக்கிய எனக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்டார்.

"காற்று வருகிறதா, மகாராஜா?"

ராஜா திரும்பிப் பார்த்தார். செவந்தி சிம்மாசனத்தை ஒட்டி நின்று வீசிக்கொண்டிருந்தாள்.

"இப்பக் கிட்ட நிக்கப் பயமில்லீங்க, மகாராஜா" என்றாள்.

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கையில் எடுத்தார். பழக்கதோஷம், சபை முழுவதும் சடாரென்று குனிந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு மறுபடி சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே படியிறங்கி வந்து, மாலையை உலகளந்தானின் கையில் பதமாக வைத்தார்.