பூக்கட்டும் நூலும் பழைய பிக்கப்பும்

பூ வியாபாரி பேச்சியம்மாளின் பழைய டீசல் பிக்கப்பில் பின் ஆக்சில் பல்சக்கரம் தேய்ந்துபோய்க் கத்தியது. புதுசு வாங்க கியர் விகிதம் தெரிய வேண்டும்.

“மொத்தமாப் பிரிக்கணும், பத்து நாளாகும். என் கை படாம விகிதம் தெரியவே தெரியாது” என்று மீசையை முறுக்கினார் ஒர்க்ஷாப் முதலாளி சவுந்தரபாண்டி.

பத்து நாளில் முகூர்த்தமெல்லாம் முடிந்துவிடும்.

பேச்சியம்மாள் டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டாள். வண்டிக்கடியில் பின் ஆக்சிலைச் சுழற்றும் ஷாஃப்டில் பூக்கட்டும் நூலை முடிந்தாள்.

“சரிண்ணே, வண்டிய உள்ள தள்ளுங்க.”

மூச்சிரைக்கத் தள்ளினார். கோடு ஒரு சுற்று வந்ததும் நிறுத்தச் சொல்லி, ஷாஃப்டில் சுற்றியிருந்த நூலை எண்ணினாள். உடனே உதிரிபாகக் கடைக்குப் போன் போட்டாள்.

“டயர் ஒரு சுத்துக்கு ஷாஃப்ட் நாலேகால் சுத்து. அதுக்குத் தக்கன பல்சக்கரம் இன்னிக்கே அனுப்புங்க.”

சவுந்தரபாண்டி வாயைப் பிளந்தார்.

“நீங்க சொன்னது சரிதாண்ணே. உங்க கை படாம தெரிஞ்சிருக்காது.”