முருங்கை மாதிரி வெட்டுன பிச்சிக்கொடி

கண்ண மூடுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுட்டி, பிச்சிக்கொடியும் முருங்கை மரமும் ஒண்ணா? இல்லைன்னு உனக்கே தெரியுதுல்ல. ஒரு ஊர்ல ஒரு மாடசாமி இருந்தான், அவனுக்குத் தெரியல. ம் கொட்டிக்கிட்டே வா, நீ நிறுத்துனா நானும் நிறுத்திருவேன்.

அவன் முருங்கைத் தோட்டக்காரன். காய் ஓய்ஞ்சதும் மரத்த வெட்டி விட்டா மறுபடி தளதளன்னு வரும்ல, அதே நினைப்புல ஒரு வைகாசியில, மொட்டு வச்சு நின்ன வீட்டுப் பிச்சிக்கொடிய சரக் சரக்னு முழங்கால் உசரத்துக்கு வெட்டிப்புட்டான். அப்போ அவன் பொண்டாட்டி உலகம்மா தண்ணிக்குடத்தோட வந்தா. பார்த்தா. குடம் இடுப்புலயே நிக்குது.

"எதுக்கு முழிக்க? முருங்கை மாதிரி வந்துரும்"ன்னான்.

"வரலைன்னா?"

"அடுத்த வருசம் ஆடிக் கொடைக்கு முன்னாடி தூரோட பிடுங்கிட்டு, அங்க வண்டி நிறுத்தத் தகரம் போட்டுருவோம்."

உலகம்மா அடுத்த வீட்டுல பூ கேட்டுப் பழகாதவ. கோயில் கொடைத் திருவிழாவுக்கு அம்மனுக்கு அவ வீட்டுச் சரம்தான் போகும். "இதே கொடிப் பூ அடுத்த வருசக் கொடைக்கு அம்மன் கழுத்துல கிடக்கும், பாருங்க"ன்னு சொல்லிட்டா. சொன்னா செய்யணும்ல?

ம்.

அப்புறம் என்னாச்சு, கட்டை காஞ்சு கருவாடு மாதிரி நின்னுச்சு. பக்கத்து வீட்டுச் செல்லக்கனி சுவருக்கு மேல எட்டிப் பார்த்து, "மைனி, அடுப்புக்கு ஆச்சு"ன்னா. உலகம்மா நகத்தால கீறிப் பார்த்தா. உள்ள பச்சை. "உசுரு இருக்கு கனி. அடுப்புக்கு நீ வேற பாரு"ன்னா.

அப்புறம் மழை பெஞ்சுது, சட சட சடன்னு. தூர்ல இருந்து தளிர் வந்துச்சு பாரு, விளக்குமாறு கட்டி வச்ச மாதிரி. எல்லாம் நரம்பு நரம்பா. அத்தனைக்கும் சோறு போட்டா எதுவும் தேறாதுன்னு, தடியா நிமிர்ந்த மூணை மட்டும் விட்டுட்டு மத்தத டக் டக்னு கிள்ளிட்டா. அப்போ மாடசாமி, "நான் வெட்டுனா பாவி, நீ கிள்ளுனா புண்ணியவதியா?"ன்னான்.

"நீங்க அரிவாளப் பார்த்து வெட்டுனீக, நான் கொடியப் பார்த்துக் கிள்ளுதேன்"ன்னா.

தூங்கிட்டியா? ... சரி, சரி, முழிச்சிருக்க.

அப்புறம் அந்த மூணும் ஏறி ஏறிப் பந்தலையே மூடிருச்சு. இலைன்னா இலை, அப்படி ஒரு இலை. ஆனா மறுவருசம் ஆனி பிறந்தும் ஒரு மொட்டு இல்ல. மாடசாமி தகரத்துக்கு அளவே எடுத்துட்டான். உலகம்மா உக்காந்து யோசிச்சா. சாணித்தண்ணி, அரிசி கழுவுன தண்ணின்னு தினமும் சளக் சளக்னு ஊத்துனது யாரு, இவதானே. முன்னாடி அவ வச்ச மிளகாச் செடியும் இப்படித்தான் தின்னு தின்னு இலையா நின்னுச்சு, காய்க்கல. அப்போ வாளியக் கவுத்து வச்சுட்டா. இலை துவண்டுச்சு. செல்லக்கனி வேற, "பிள்ளையப் பட்டினி போடுதீகளே மைனி"ன்னா. இவ அசையல.

அப்புறம் ஒரு காலையில பல்லு விளக்க வந்தா, இலைக்கு நடுவுல செவசெவன்னு நுனி. மொட்டு. பிறகுதான் தண்ணி ஊத்துனா, அளவா. கொடைக்குப் பொலபொலபொலன்னு பூத்துருச்சு, வாசம் தெருமுக்கு வரைக்கும். அவளே பறிச்சு, அவளே கட்டி, தட்டுல வச்சு நடுத்தெருவுல நடந்து கொண்டு போனா. ஓரமா இல்ல, நடுத்தெருவுல.

பூசாரி, "யார் வீட்டுப் பூ?"ன்னு கேட்டாரு. அவ வாய் திறக்குறதுக்குள்ள மாடசாமி முந்திக்கிட்டான். "எங்க வீட்டுது. நான் கெடுத்தேன், என் பொண்டாட்டி பூக்க வச்சா." நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொல்லுதான், என்னமோ கெடுத்ததும் ஒரு வேலை மாதிரி.

திரும்பி வந்தா வாசல்ல செல்லக்கனி நிக்கா. "மைனி, எங்க முல்லை பூக்கவே மாட்டேங்கு. ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்களேன்"ன்னா.

உலகம்மா அந்த வீட்டுக்குள்ள போயிட்டா, கதையும் அவ பின்னாலயே போயிருச்சு. கொஞ்சம் அந்தப் பக்கம் புரண்டு படு தாயி, உன் தலைக்கு அடியில இருந்து அம்மா கைய எடுத்துக்கிடுதேன்.