துள்ளும் ஊசி

இசைத்தட்டில் ஊசி துள்ளினால் அதைத் தாங்கும் கருவிக் கையின்மேல் நாலணா நாணயம் வைக்க வேண்டும் என்று உலகம் நம்புகிறது. உலகம் நம்புவது தவறு. சபாத் தலைவர் வைத்தியலிங்கம் எட்டணா வைத்தும் துள்ளியது.

"சாயங்காலம் உறுப்பினர்கள் முன்னால துள்ளினா உனக்கு வேலை இல்லை," என்றார் சபா மெக்கானிக் சவரிமுத்துவிடம்.

சவரிமுத்து நாணயத்தை எடுத்துவிட்டு, ஊசியின் பாரத்தைக் குட்டித் தராசில் நிறுத்துச் சரிசெய்தான். முனையை நேராக்கினான். தட்டு ஓடியது. தலைவர் பலகைத் தரையில் காலால் தாளம் போட்டார், ஊசி துள்ளியது.

மாலையில் உறுப்பினர்கள் கூடியதும், "ஐயா, கடைசிப் பரிசோதனைக்கு நல்ல சங்கீத ஞானஸ்தர் ஒருத்தர் நாற்காலியில சம்மணம் போட்டுக் கேக்கணும்," என்றான் சவரிமுத்து.

"நான் எதுக்கு இருக்கேன்?" தலைவர் காலை மடக்கினார். தட்டு துள்ளாமல் ஓடி முடிந்தது.

"எதைடா திருகினே?"

"ஒண்ணும் திருகலைங்க. உங்க காலைத்தான் மேலே ஏத்தினேன்."

மறுநாள் முதல் தலைவர் தொடையில் தாளம் போட்டார். சவரிமுத்து வழக்கம்போல் ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்தான்.