டுவும் அட்டும்

மாயவரத்தில் தங்கவேலன் என்று ஒரு விளையாட்டு வாத்தியார் இருந்தார். ஓய்வுபெற்ற பிறகும் அவர் குரல் மட்டும் மைதானத்தைவிட்டு வரவில்லை. கூடத்தில் பேசினால் தெருக்கோடிக்குக் கேட்கும்.

மகன் மெல்போர்னில் ஹெலன் என்ற பெண்ணைக் கட்டியிருந்தான். அவளோடு நாலு வார்த்தை பேசவேண்டும் என்பதற்காகவே தங்கவேலன் இந்த வயதில் ஆங்கிலம் படிக்கப் போனார். சொல்லிக்கொடுத்த மெஹருன்னிசாவுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும்.

ஒருநாள் வகுப்புக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்.

“டீச்சர், ‘ஐ ஷௌட்டட் டு யூ’, ‘ஐ ஷௌட்டட் அட் யூ’. இதுல எது சரி?”

“ரெண்டும் சரிதான் சார். யார்கிட்ட சத்தம் போட்டீங்க?”

அவர் சொன்னார். வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது பேரன் நாற்காலியின் கைப்பிடிமேல் ஏறி நின்றிருக்கிறான். மருமகள் அதைக் கவனிக்கவில்லை. இவர் அவளைப் பார்த்துக் கத்திவிட்டார். தமிழில்தான் கத்தினார், அவளுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் அன்றைக்குப் பிறகு அவள் போனுக்கு வருவதில்லை. கேட்டால், “வேலையா இருக்காப்பா” என்கிறான் மகன்.

“சாயங்காலம் கூப்பிடுவான். அவகிட்ட தப்பில்லாம ஒரு வாக்கியம் சொல்லணும்.”

மெஹருன்னிசா பையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்தாள். “சார்” என்று கூப்பிட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்ததும் மெல்ல வீசினாள். ஒற்றைக் கையில் பிடித்தார்.

“இது டு.”

பழத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு கரும்பலகைப் பக்கம் போனாள். இந்தத் தடவை கூப்பிடவில்லை. விட்டெறிந்தாள்.

தங்கவேலன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழம் தோளில் பட்டு பெஞ்சுக்கடியில் உருண்டது.

“இது அட்.”

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. அவர்மேல் ஒருத்தர் கைநீட்டி எத்தனையோ வருஷம் ஆகிறது. தோளைத் தேய்த்துக்கொண்டார்.

“வித்தியாசம் புரியுது டீச்சர். ஆனா நான் அவளை நோகடிக்கணும்னு கத்தலை. புள்ள விழுந்துடப் போறானேன்னு, அவங்க நல்லதுக்குத்தான் கத்தினேன். அப்ப அது டு தானே?”

மெஹருன்னிசா குனிந்து பழத்தை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள்.

“நானும் உங்க நல்லதுக்குத்தான் சார் எறிஞ்சேன்.”